வெற்றிலை போட்ட நாக்கு

போன மாதம் ஒரு தொலைபேசி வந்தது. ஒரு காலத்தில் என்னிடம் உதவியாளராகச் சேர்ந்து, இப்போது எங்கள் துறையின் தலைமை நாற்காலியில் இருப்பவர் பேசினார். கடற்பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டம் மறுபடி வருகிறதாம். வெளிநாட்டோடு ஒப்பந்தமாம். கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்த்து, அதிலிருந்து வாயு எடுத்து, எண்ணெய்க்கு யார் கையையும் எதிர்பார்க்காத நாடாக நாம் ஆகப்போகிறோமாம். "ஐயா, இதுல நீங்கதான் முன்னோடி. துறையோட ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். இளைஞர்களுக்கு வழிகாட்டுற மாதிரி எழுதிக் கொடுங்க" என்றார்.

முன்னோடி என்றால் முன்னால் ஓடியவன். நான் ஓடியது உண்மைதான். எதை விட்டு ஓடினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்தே எழுதுகிறேன். மலரில் இடம் இல்லையென்றால் முதல் பாதியை மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதில் நான் கொஞ்சம் நல்லவனாகவே தெரிவேன்.

நான் பிறந்தது திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்த குடும்பத்தில். கடலை முதன்முதலில் பார்த்தது சென்னையில் கல்லூரியில் சேரப் போனபோது. பார்த்ததும் தோன்றியது, இவ்வளவு தண்ணீரை யார் இப்படிச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான். கிணற்றுப் பாசனக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு எதுவும் தோன்றாது. தாவரவியல் படித்தேன். முதுகலை ஆய்வுக்கு மற்ற மாணவர்கள் நல்ல பயிர்களையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தது பாசி. எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் தேர்ந்தெடுத்ததாக மற்றவர்கள் நினைப்பதெல்லாம் இப்படி மிச்சம் இருந்தவைதான்.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியது. எங்கள் பக்கம் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்கள் பங்க் வாசலில் தகர டின்களை வரிசையாக வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வேப்ப மரத்தடியில் படுத்துக் கிடப்பார்கள். மின்சார மோட்டார் வைத்திருந்தவர்கள் கரண்ட் எப்போது வரும் என்று மோட்டார் அறையில் படுத்துக் கிடப்பார்கள். மொத்தத்தில் தாலுகாவே படுத்துக் கிடந்தது. அப்போதுதான் மேலிடத்தில் யாருக்கோ கடல் நினைவுக்கு வந்தது.

ராமநாதபுரம் கரையில் கயிற்றில் பாசி வளர்ப்பது, காயவைத்து உள்நாட்டுக்குக் கொண்டுவருவது, சாணத்தோடு சேர்த்துப் புளிக்கவைத்து வாயு எடுப்பது, அந்த வாயுவில் பம்புசெட் எஞ்சினை ஓட்டுவது. இதுதான் யோசனை. வளர்க்கும் முறையையும் இரும்புக் கலனையும் நார்வே தரும். பாசியையும் சாணத்தையும் நாம் தருவோம். ஒப்பந்தத்தில் இதைச் சமபங்கு ஒத்துழைப்பு என்று எழுதியிருந்தார்கள். நம் சாணத்தைச் சமபங்கு என்று ஒரு வெளிநாடு ஒப்புக்கொண்டதில் எனக்கு உண்மையாகவே பெருமை. பாசி படித்தவன் என்று என்னைத் தேடிப் பிடித்து நார்வேக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படகில் ஏறினேன், வாந்தி எடுத்தேன், சான்றிதழ் கொடுத்தார்கள். அங்கே மழை நின்று நான் பார்க்கவில்லை.

எஞ்சின் இருக்கும் இடத்தில்தான் வாயுவும் வேண்டும் என்று, எங்கள் நிலையத்தை மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு மேட்டில் அமைத்தார்கள். காவிரிக் காற்று வரும். காவிரித் தண்ணீர் வராது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து பாறையைக் குடைந்து ஆழமாக ஒரு போர் போட்டுக் கொடுத்தது. சுற்றுச்சுவரில் நீல பெயிண்டில் 'கடலே நம் எண்ணெய்க் கிணறு' என்று எழுதினோம். கடல் எந்தப் பக்கம் என்று பெயிண்டர் கேட்டார். நான் கிழக்கே கைகாட்டினேன். பாசி வந்ததோ தெற்கேயிருந்து.

அதுவும் எப்படி வந்தது? ராமநாதபுரத்துக்குப் போர் போடப் போகும் ரிக் வண்டிகளுடன் பைப் லாரி ஒன்று போகும். திரும்பும்போது அதில் இடம் இருக்கும். அதில் ஏற்றி அனுப்புவார்கள். ஓட்டி வந்த குப்புசாமி இறங்கியதும் முதலில் முகத்தைக் கழுவுவார்.

"ஏனுங்க ஆபீசரு, இந்த நாத்தத்துக்குத் தனியாப் படி போடோணுமுங்க. வழியில ஒரு டீக்கடையில நிறுத்த முடியல. வண்டியில என்னய்யா, பொணமாங்கறான்."

"நாட்டுக்கு எண்ணெய் வரப்போகுதுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"வரட்டுமுங்க. அது வாரதுக்குள்ள நான் போயிருவேன் போலிருக்குது."

நார்வேயிலிருந்து வந்த நிபுணர் பெயர் எரிக். நெட்டையான மனிதர். தொப்பி போடச் சொன்னால் கேட்கமாட்டார்; ஒரு வாரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டார். பாசியைக் கழுவுவதில் அவர் காட்டிய கறார்த்தனத்தை நான் வேறு எந்த வேலையிலும் யாரிடமும் பார்த்ததில்லை. பாசியில் உப்பு இருந்தால் கலனுக்குள் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அதனால் பாசியை உதறி, மணல் போக்கி, மூன்று சிமெண்ட் தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் இரவு. ஒவ்வொரு தொட்டிக்கும் புதுத் தண்ணீர். ஊறின தண்ணீர் குழாய் வழியாக மேற்கு மூலையில் தார் பூசிய குட்டைக்குப் போய் வெயிலில் காய வேண்டும். படியும் உப்பைச் சுரண்டி மூட்டையில் கட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் மண்ணைத் தொடவே கூடாது. இதை அவர் ஒவ்வொரு நாளும் சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் தமிழில் சொன்னேன்.

உப்பின் அளவைக் காட்ட ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். மதுரையிலிருந்து பைப் லாரியில் ஏற்றினோம். வந்து சேர்ந்தபோது கண்ணாடித் தூள். வேறு கருவி வரும்வரை நாக்குதான் கருவி என்றார். அதற்கும் ஒரு முறை உண்டு. சோதிக்கிறவர் வெறும் வாயோடு வர வேண்டும். காப்பி, பற்பசை, புகை எதுவும் கூடாது. நல்ல தண்ணீரில் வாய் கொப்பளித்து, விரலைத் தொட்டியில் நனைத்து, நாக்கு நுனியில் ஒரு துளி, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு துளி. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். துப்ப வேண்டும். மறுபடி கொப்பளித்து, நல்ல தண்ணீரைச் சுவைத்து ஒப்பிட வேண்டும். அவர் கண்ணை மூடி நிற்கும்போது, பாசி கழுவ வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். "தொரை தீர்த்தம் வாங்கறாரு, சத்தம் போடாதீங்கடி!" எல்லாவற்றையும் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, புதுக் கருவியை அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டு எரிக் ஊருக்குப் போனார்.

எங்கள் டைரக்டர் சபாபதி, ஆத்தூர்ப் பக்கம். அவர் ஒரு நாளும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. கேள்விதான் கேட்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, ஒரே கேள்வியை மறுபடி மறுபடி, ஒவ்வொரு தரமும் குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்பார். அவருக்கு வேண்டிய பதில் உங்கள் வாயிலிருந்தே வந்து விழும்.

"பாசி ராத்திரி முழுக்க ஊறணுமா?" என்று ஒரு நாள் கேட்டார். நார்வேயிலிருந்து குழு ஒன்று வரப்போகிறது, அதற்குள் தீ எரிய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்த சமயம்.

"ஆமா சார்."

"முழுக்கவா?"

"எரிக் அப்படித்தான் சார் சொன்னார்."

"முழுக்கன்னா... முழு ராத்திரியுமா?"

"பாதி ராத்திரி போதும்னு நெனைக்கிறேன் சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க சொன்னா சரிதான்யா. அப்படியே செய்ங்க."

பாதி நேரம் ஊறினால் முதல் இரண்டு தொட்டிகளில் போகவேண்டிய உப்பு மூன்றாவது தொட்டிவரை வரும். இது எனக்குத் தெரியும். மூன்றாவதில் போய்விடுமே என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது நாமக்கல் பக்கத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி என்ற அம்மாவின் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகள், உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் இருட்டாக, குளுகுளுவென்று இருக்கும். புருஷன் ரிக் வண்டியோடு ஆந்திராவில்; கோயில் நோன்பித் திருவிழாவுக்கு மட்டும் வருவார். கொடிக்கால் முழுக்க அந்த அம்மா பொறுப்பு. வெற்றிலைக் கொடிக்கு மண் ஈரம் காயவே கூடாது. ஒரு தரம் காய்ந்தால் மறுபடி கொடி வைத்து, ஏற்றி, முதல் கிள்ளு இலை எடுப்பதற்குள் ஆள் பாதியாகிவிடும். அவருடைய கிணறு இறங்கிக்கொண்டே போனது. எங்கள் போர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு காலை வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, உங்க போரு ஓடுனா என்ற கெணத்துல தண்ணி எறங்குது. நீங்க நிறுத்துனா ஏறுது. கெணறு என்னுது, தண்ணி உங்களுதுங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. போரோட ஆழம் வேற."

"செரி, அத உடுங்க. நல்ல தண்ணிய எடுத்து, நாத்தம் புடிச்ச பாசியக் கழுவி, தாருக் குட்டையில ஊத்திக் காய வெக்கறீங்க. சோளம் காய வெப்பாங்க, மொளகாய் காய வெப்பாங்க. தண்ணியக் காய வெக்கற ஆளுங்கள நான் இப்பத்தான் பாக்கறேன். இதுக்குன்னு படிச்சுட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க. வெளிநாட்டுல பயிற்சிங்க."

"அங்கயும் காயத்தான் வெக்கறாங்களா?"

"அங்க மழ நிக்கறதே இல்லீங்க."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் வந்தார். ஒரு நாள் கிண்டல், ஒரு நாள் கெஞ்சல். "கடைசித் தொட்டித் தண்ணிய மட்டுமாவது எங்க பக்கம் உடுங்க சாமி. கொடி சாகுதுங்க. பாத்துட்டு உக்காந்திருக்க முடியலீங்க."

அவர் கேட்டதால்தான் கொடுத்தேன் என்று எழுதினால் பாதிப் பொய். அந்தக் குட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே வயிறு எரிந்தது. கிணற்றில் கயிறு நீள நீள, குடத்தில் வந்ததை அளந்து செடிக்கு ஊற்றிய வீட்டில் வளர்ந்தவன் நான். தண்ணீரைக் கொட்டுவது என் கைக்குப் பழகாத வேலை. எரிக்குக்கு அந்த வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. அதனால்தான் அவர் சரியாகச் செய்தார். மூன்றாம் தொட்டித் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்தானே, தினமும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டால் போகிறது என்று முடிவு செய்தேன். டைரக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் மூன்று தரம் கேட்பார்.

"வாய்க்கா வெட்ட ஆளுங்கள அனுப்பறேங்க" என்றேன்.

"ஆளு எதுக்குங்க? நானே வெட்டிக்கறேன்." மம்பட்டியோடு வந்து, வேலிக்கு அடியில் அன்று மாலைக்குள் வாய்க்கால் இழுத்துவிட்டார். தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தில் மண் அதைக் குடித்த சத்தம் எனக்கே கேட்டது.

மறுநாள் காலை வேலிக்கு மேலே ஒரு கை நீண்டது. கையில் இளம் வெற்றிலை, ஈரத் துணியில் சுற்றியது.

"வெறுங்கையோட தண்ணி வாங்கக் கூடாதுங்க சாமி. போடுங்க."

"எனக்குப் பழக்கமில்லீங்க."

"கலியாணமாகி ஒரு புள்ளயும் இருக்குது, வெத்தல பழக்கமில்லீங்கறாரு! இங்க தாங்க, நான் மடிச்சுத் தாரேன்."

முதல் நாள் சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்தது. இரண்டாம் நாள் பாக்கு நெஞ்சை அடைத்தது. ஒரு மாதத்தில் காலைக் காப்பியை மறந்தாலும் அந்த வெற்றிலையை மறக்காத ஆளாகிவிட்டேன். எரிக் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். விரலை நனைத்தேன். நுனியில் ஒரு துளி, ஓரங்களில் ஒவ்வொரு துளி. கண்ணை மூடினேன். வாயும் கொப்பளித்தேன், கொப்பளித்த பிறகும் சிவப்பாகத்தான் துப்பினேன். சுண்ணாம்பில் வெந்து மரத்துப்போன அந்த நாக்கால் தினமும் சுவை பார்த்து, "நல்ல தண்ணிதான், தெறந்து உடுங்க" என்றேன். உப்பு பார்க்க வெற்றிலை போட்டுக்கொண்டு போகும் ஓர் அதிகாரி இருப்பான் என்று எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் காப்பி, பற்பசையோடு அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

கொடிக்கால் பிழைத்தது. தையில் பாவாயி அம்மா நல்ல கிள்ளு எடுத்தார். மோகனூர் வியாபாரி வந்து நின்று வாங்கிப்போனார். "பாசி ஆபீசரு தண்ணி" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். நார்வேயில் கொடுத்த சான்றிதழைவிட அது எனக்கு இனித்தது.

பங்குனி வெயிலில் இலைகளின் ஓரம் மஞ்சளானது. பிறகு பழுப்பு, தீயில் காட்டிய காகிதம்போல. தாவரவியல் முதலாண்டு மாணவனுக்குக்கூட அது என்னவென்று தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்ததை நான் கொஞ்ச நாள் வெயில் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில், கம்பளியில் பொதிந்து, நார்வேயிலிருந்து புதுக் கருவி வந்தது. மூன்றாம் தொட்டியில் முக்கினேன். முள் ஏறிய இடத்தைப் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று நினைக்க ஆசைப்பட்டேன். மறுநாள் வெற்றிலை போடாமல், வெறும் வாயோடு, எரிக் சொன்னபடி ஒரு துளி வைத்தேன். சென்னையில் முதல் நாள் அலை மேலே அடித்தபோது உதட்டில் பட்ட அதே கடல். கொஞ்சம் நீர்த்திருந்தது, அவ்வளவுதான். அதைத்தான் அத்தனை மாதமும் ஒரு வெற்றிலைத் தோட்டத்துக்குக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது. உப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது.

டைரக்டரிடம் போனேன்.

"சார், பக்கத்துக் கொடிக்கால்ல உப்பு ஏறிடுச்சு. நம்ம தண்ணிதான். நான்தான் திறந்து விட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "உப்பா?"

"உப்புதான் சார்."

"வெத்தலைக்கு வேற நோய் எதுவும் வராதாய்யா?"

"வரும் சார். வாடல் நோய் வரும். ஆனா இது..."

"வாடல் நோய் வந்தா கொடி வாடுமா?"

"வாடும் சார்."

"இந்தக் கொடியும் வாடித்தானே இருக்கு?" குரல் கைக்குட்டைக்குள் போய்விட்டது. "குழு வர்ற நேரம். பாசி மண்ணைக் கெடுத்துடுச்சுன்னு ஒரு பேச்சு வந்தா, இந்தத் திட்டம், நீங்க, நான்... வாடித்தானே இருக்கு?"

"வாடல் நோயாவும் இருக்கலாம் சார்."

"நீங்கதான்யா தாவரவியல்."

அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் உப்பு என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அன்று அதில் வெற்றிலைகூட இல்லை.

பாவாயி அம்மா ஒரு கொடியைக் கையில் சுருட்டிக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். அன்று கிண்டல் இல்லை.

"சாமி, தண்ணியில ஏதும் கோளாறுங்களா? சும்மா சொல்லுங்க. இருந்தா இப்பவே அடச்சுப்போடறேன்."

"தண்ணியில ஒண்ணுமில்லீங்க. இது வாடல் நோய். கொடியப் புடுங்கி எரிச்சுட்டு, புதுசா நட்டா செரியாயிரும்."

அவர் முகம் தெளிந்தது. "நோவுங்களா? அப்பச் செரி. நானு தண்ணிய ஒரு நாழி சந்தேகப்பட்டுட்டனுங்க சாமி. மனசுல வெச்சுக்காதீங்க."

போரில் தண்ணீர் இறங்குகிறது என்று இன்னொரு பொய் சொல்லி வாய்க்காலை அடைத்தேன். அதற்கும் வருத்தப்பட்டது அவர்தான்.

நார்வேக் குழு வந்தது. எரிக்கும் வந்தார். கலனிலிருந்து குழாய் இழுத்து அடுப்பு வைத்திருந்தோம். நீலத் தீ அழகாக எரிந்தது. எஞ்சின் ஓடியது. கைதட்டினார்கள். அந்த அடுப்பில் போட்ட தேநீரில் கெட்டுப்போன முட்டை வாசம் வந்தது. நாட்டு நலன் கருதி எல்லோரும் குடித்தோம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கொடியைப் பிடுங்கி எரித்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன என்று ஒருவர் கேட்டார். நிலத்தைத் தயார் செய்கிறார்கள் என்று நான் மொழிபெயர்த்தேன்.

பிறகு எரிக், நாக்குச் சோதனையைச் செய்துகாட்டச் சொன்னார். கருவி வந்துவிட்டாலும் அவருக்கு அதில் ஒரு பெருமை. நான் வெற்றிலையை விட்டிருந்தேன். கொப்பளித்து, நனைத்து, துளி வைத்து, கண்ணை மூடி, துப்பி, ஒப்பிட்டு, "உப்பு இருக்கிறது. இன்னொரு தரம் கழுவ வேண்டும். இந்தத் தண்ணீர் மண்ணைத் தொடக் கூடாது" என்றேன். எரிக் பூரித்துப்போய் முதுகில் தட்டினார். படம் எடுத்தார்கள். உண்மையைச் சொல்லவேண்டிய ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அன்று சொல்லிவிட்டேன்.

பாவாயி அம்மா வேலூர்ப் பக்கமிருந்து விதைக்கொடி வாங்கிவந்து அதே மண்ணில் நட்டார். செத்தது. மழை வந்த வருடம் மறுபடி நட்டார். அதுவும் ஓரம் கருகியது. மண்ணை மழை கழுவ இன்னும் பல வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அகத்தி மரங்களை வெட்டிவிட்டு, இரண்டு எருமை பிடித்துப் பால் ஊற்ற ஆரம்பித்தார். எனக்கு அந்த நீலத் தீயால் பதவி உயர்வு வந்து, சேலத்துக்கு மாற்றிக்கொண்டு போனேன். கொஞ்ச காலத்தில் உலகத்தில் எண்ணெய் விலை இறங்கியது. நார்வேக்கு எங்கள் மேல் இருந்த அன்பும் இறங்கியது. கலன் துருப்பிடித்து ஓட்டையானது. 'கடலே நம் எண்ணெய்க் கிணறு' என்பதில் 'கிணறு' மட்டும் நெடுநாள் அழியாமல் நின்றதாகக் கேள்வி.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, நாமக்கல் பேருந்து நிலையத்தில் மோகனூர் வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா என்னையே பார்த்தார்.

"சாமி, பாசி ஆபீசருங்களா?"

அதே கண். தலைமட்டும் வெள்ளை. புருஷன் போய்விட்டார், மகன் ரிக் வண்டி மேனேஜராக மத்தியப் பிரதேசத்தில், மருமகள் நல்லவள், முழங்கால்தான் வலி என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க கொடி காஞ்சப்ப தண்ணி உட்ட மகராசன் இவரு" என்றார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்க. வாடல் நோயில்ல. நான் உட்ட தண்ணியில உப்பு இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நோயின்னு சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அந்த வாய்க்கால நான்தானுங்க வெட்டுனேன்" என்றார்.

"தப்பு என்னுதுங்கம்மா. உங்குளுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு ஆந்திராவுல இருந்து வந்து கேட்டாரு, ஏம்புள்ள இப்படி ஆச்சுன்னு. நோவுன்னேன். அவரு ஒரு வார்த்த பேசல. நோவுக்கு யாரு என்ன பண்ண முடியுமுன்னு உட்டுட்டாரு. சாகற வரைக்கும் ஒரு சொல்லுச் சொன்னதில்லீங்க. இப்ப வந்து தண்ணிங்கறீங்க. அப்ப நானே வேலியில நின்னு கெஞ்சி, என்ற கையாலயே மம்பட்டி போட்டு..." நிறுத்திக்கொண்டார். பிறகு, "நோவாவே இருக்கட்டுமுங்க சாமி" என்றார்.

நான் சொன்ன பொய்க்குள்தான் அவர் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறார். என் மனப்பாரத்தை இறக்கிவைக்க அதை இடிக்கப் போயிருக்கிறேன்.

சுருக்குப் பையைத் திறந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். முந்தானையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து நீட்டினார். "போடுங்க. கடையில வாங்குனதுங்க. பழசு, ஒரு காரமும் இல்ல." வாங்கிப் போட்டுக்கொண்டேன். வண்டி வந்தது. ஏறிப் போனார். அதே வண்டிக்குத்தான் நானும் நின்றேன், அடுத்ததில் போனேன்.

மலருக்குக் கேட்ட வழிகாட்டலை இரண்டு வரியில் எழுதிவிடலாம். கயிறு கட்டுவதையும் கலன் கட்டுவதையும் எல்லோரும் சொல்லித் தருவார்கள். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்பதை நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள்; வெறும் வாயோடு போங்கள்.

இன்னொன்று. பாவாயி என்பது அந்த அம்மாவின் பெயர் அல்ல. அவர் ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். அங்கே அது இன்றைக்கும் வாடல் நோய்தான், அப்படியே இருக்கட்டும். இந்தத் துறையில் வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: அது உப்பு.